மனுவில் ஒரு வரி

உபதேசியார் சந்தியாகு மூன்றாவது தடவையாகப் பூண்டிக்கு ஏறி வந்தபோது வேலுத்தாய் அவரை உட்காரச் சொல்லவில்லை. முதல் தடவை பாய் விரித்தாள். இரண்டாம் தடவை பலகையைக் காட்டினாள். இந்தத் தடவை விதைப்பூண்டு உடைத்துக்கொண்டிருந்த கையைக்கூட நிறுத்தவில்லை. பெருமாள்மலையிலிருந்து கொடைக்கானலுக்குப் பஸ், அங்கிருந்து பாதி வழி காட்டு இலாகா லாரி, மீதி வழி மட்டக்குதிரைக்காரர்களோடு நடை என்று ஒரு மனிதன் ஒன்றரை நாள் பாடுபட்டு வந்து நின்றால் பகையாளிகூட ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்பான். அவள் கொடுக்கவில்லை. அவர் வந்த காரணம் அப்படி.

அவளுடைய புருஷன் திருமலைச்சாமியை மண்வெட்டியால் அடித்துக் கொன்றவன் அழகுமலை. பங்காளிதான். இரண்டு பேர் வயலுக்கும் ஒரே வாய்க்கால். 1954 பங்குனியில், திருமலைச்சாமியின் தண்ணீர் முறை நாளன்று, அழகுமலை மடையைத் தன் பக்கம் திருப்பிவிட்டான். திருமலைச்சாமி போய்க் குனிந்து மடையை அடைத்துக்கொண்டிருந்தபோது பின்மண்டையில் அடி விழுந்தது. பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்த மூன்று பேர் பார்த்தார்கள். குனிந்திருந்தவனை அடித்தான் என்று மூன்று பேரும் மதுரைக் கோர்ட்டில் சொன்னார்கள். தூக்கு என்று தீர்ப்பானது. மேல்கோர்ட்டும் தூக்குத்தான் என்றது. மிச்சமிருந்தது டெல்லிக்கு ஒரு கருணை மனு. ஜனாதிபதி மனசு வைத்தால் கயிறு இல்லை.

அந்த மனுவைத்தான் உபதேசியார் மஞ்சள் பைக்குள் மடித்து வைத்திருந்தார். அவர் மாதம் ஒருமுறை மதுரை ஜெயிலுக்குப் போய்க் கைதிகளுக்கு வேதம் சொல்லுகிறவர். அழகுமலை அங்கே அவர் கையில் விழுந்துவிட்டான். விழுந்தவன் கழுத்தில் ஒரு சிலுவையும் ஏறிவிட்டது.

"தாயி, ஒரு கைநாட்டுத்தான் கேக்குறேன். செத்தவர் சம்சாரமே மன்னிச்சிருச்சுன்னா டெல்லியில அதுக்கு மதிப்பு இருக்குன்னு வக்கீல் சொல்றாரு."

"வாசிங்க."

"என்ன எழுதியிருக்குன்னு போன தடவையே சொன்னேனே."

"சொன்னீங்க. வாசிக்கல. இன்னிக்கு வாசிங்க, ஒரு எழுத்து விடாம."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஊர், பேர், வயசு, தண்டனை என்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்த குரல் ஓர் இடத்தில் வேகம் பிடித்தது. முள்ளுக்காட்டைத் தாண்டுகிற ஆள் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடுவதுபோல ஓடியது. படிப்பு வராதவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது உபதேசியாருக்குத் தெரியாமல் போனது அவருடைய கெட்ட நேரம்.

"நிறுத்துங்க. அந்த இடத்தை மறுபடி வாசிங்க. நடந்து வாசிங்க, ஓடாதீங்க."

அவர் வாசித்தார். இறந்துபோன திருமலைச்சாமி, மனுதாரரின் மனைவி பிச்சையம்மாள் தனியாக இருக்கையில் கையைப் பிடித்து இழுத்தபடியால், மனுதாரர் மானம் பொறுக்கமாட்டாமல் தன்னிலை இழந்து அடிக்க நேர்ந்தது என்று அந்த வரி இருந்தது. கடைசியில், மேற்கண்டவை யாவும் உண்மையென்று அறிந்து மனப்பூர்வமாக மன்னிக்கிறேன் என்று வேலுத்தாய் பேரில் இரண்டு வரி. அதன் கீழே பெருவிரல் பதிகிற அளவுக்கு வெள்ளை இடம்.

வேலுத்தாய் மடியிலிருந்த பூண்டுத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். இந்த வரியை அவள் கோர்ட்டிலேயே கேட்டிருக்கிறாள். வக்கீல் சொன்னார், அழகுமலை ஆமாம் என்றான், பிச்சையம்மாள் கூண்டில் ஏறித் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள். ஜட்ஜ் நம்பவில்லை. இரண்டு கோர்ட்டிலும் நம்பவில்லை. செத்துக் கிடந்த வரி என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது அது எழுந்து டெல்லிக்குப் புறப்பட்டிருக்கிறது, அவளுடைய கைநாட்டையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு.

"இதுக்குக் கீழயா நான் விரலை வைக்கணும்?"

"வக்கீல் எழுதினது தாயி. சட்டத்துல ஒரு காரணம் காட்டணுமாம்."

"அவன் கொன்னது எம்புருசனை ஒரு தடவை. இது ரெண்டாவது தடவை. இதுக்கு என்னையவே மண்வெட்டியைப் பிடிக்கச் சொல்றீங்க."

உபதேசியார் மன்னிப்பைப் பற்றி ஆரம்பித்தார். அவருடைய கர்த்தர் சிலுவையில் தொங்கிக்கொண்டே ஆணி அடித்தவர்களை மன்னித்த கதை. கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது. அவர் குரலில் கள்ளம் இல்லை, சொல்லும்போதே கண் கலங்குகிற மனுஷன். ஆனால் கலங்கிய கண்ணோடு ஒருத்தர் பொய்க் காகிதத்தை நீட்டினால் அது கள்ளத்தைவிட எரிச்சல்.

"உங்க சாமி தனக்குச் செஞ்சதைத் தானே மன்னிச்சாரு. அது சரி. அடிபட்டவரு அவருதானே. பக்கத்து வீட்டுக்காரனுக்கு அடிச்ச ஆணிக்கும் சேத்தா மன்னிச்சாரு?" என்றாள் வேலுத்தாய்.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"எங்க ஊருல மன்னிப்புக்குக் காகிதம் கெடையாது, தெரியுமா. மந்தையில விழுகணும். செஞ்சதை வாயால சொல்லணும். பட்டவக கையாலதான் தூக்கணும்."

பூண்டியில் அதுதான் வழக்கம். தப்புச் செய்தவன் கோயிலுக்கு எதிரே மந்தையில் நெடுஞ்சாண்கிடையாக விழுவான். விழுந்தபடியே என்ன செய்தேன் என்று ஊர் கேட்கச் சொல்லுவான். தப்புக்கு ஆளானவர் வந்து தோளைத் தொட்டு, நிமிர்த்தி நிறுத்தும் வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. அதுவரைக்கும் ஊரில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. ஒருமுறை குதிரைக்காரப் பொன்னுவேல் அடுத்த வீட்டு விதைப்பூண்டைத் திருடிவிட்டு வந்து விழுந்தான். பறிகொடுத்தவரோ கோபத்தில் மன்னவனூருக்குக் கிளம்பிப் போய்விட்டார். பொழுது சாய அவரைப் பிடித்துக் கூட்டிவரும் வரைக்கும் பொன்னுவேல் புழுதியில் கிடந்தான், ஊர் பட்டினி கிடந்தது. அப்புறம் பூண்டியில் ஒருத்தனும் அடுத்தவன் விதைப்பூண்டைத் தொட்டதில்லை.

"அவன் ஜெயில்ல இருக்கான் தாயி. எப்படி வந்து விழுவான்?"

"வரவேணாம். அவன் கழுத்து எனக்கு எதுக்கு? கயித்துல தொங்கினா எம்புருசன் எந்திரிச்சு வரப்போறதில்ல. அந்த ஒரு வரியை அடிச்சிட்டுக் கொண்டாங்க. கொன்னேன், காரணமில்லாமக் கொன்னேன், மன்னிச்சு விடுங்கன்னு எழுதிக் கொண்டாங்க. நான் பத்து விரலையும் வைக்கிறேன்."

உபதேசியார் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. முகம் தெளிந்து, காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெரசாக இறங்கிப் போனார். அவர் போன பிறகுதான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையே என்று அவளுக்கு உறைத்தது.

இருபது நாள் கழித்து வந்தார். இந்தத் தடவை அவளே செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் செம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாரே தவிரக் குடிக்கவில்லை.

"வரி போயிருச்சா?"

"இல்ல தாயி."

"வக்கீல் மாட்டேன்னாரா?"

"வக்கீல் மாட்டேன்னுதான் சொன்னாரு. ஆனா அழகுமலை சொன்னா எடுத்துருவேன்னாரு. அழகுமலை வேணாம்னுட்டான். அந்த வரியை எடுத்துட்டா என்னைய விடுறதுக்குக் காரணமே இல்லையே, தொங்கவிட்டுருவாங்கன்னு அழறான்."

"பொய்யின்னு உங்ககிட்டச் சொன்னானா?"

உபதேசியார் செம்பைக் கீழே வைத்தார்.

"சொன்னானா இல்லையா?"

"அவன் என்கிட்டச் சொன்னது, அவனுக்கும் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளது தாயி. அதை வெளியில சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆண்டவர் அவனை மன்னிச்சிட்டாரு. அதை மட்டும் சொல்லலாம்."

"மூணு பேரும் கூடிப் பேசி முடிச்சிட்டீங்க," என்றாள் வேலுத்தாய். "அதுல நான் எங்க இருக்கேன்? எம்புருசன் எங்க இருக்காரு?"

அவள் செம்புத் தண்ணீரை எடுத்து அவர் கண்முன்னாலேயே வாசல் அவரைக்கொடிக்கு ஊற்றினாள். அவர் மனசு வலிக்கட்டும் என்றுதான் ஊற்றினாள். வலித்தது என்பது அவர் படி இறங்கிய நடையில் தெரிந்தது. அவளுக்கு அதில் ஒரு திருப்தியும் இருந்தது, அதை மறைப்பானேன்.

அவளுடைய கைநாட்டு இல்லாமலே மனு போனது. கைநாட்டு இல்லாமலே பதிலும் வந்தது. தை மாதம் ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் நாச்சிமுத்து வீட்டுக்குக் கடிதம் வந்து சேர்ந்தது. ஜனாதிபதி தூக்கை ஆயுள் தண்டனையாக மாற்றிவிட்டார். பிச்சையம்மாள் கோயிலில் தேங்காய் உடைத்தாள். வேலுத்தாய் அன்றைக்கு வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள், அப்படியே எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் உயிரோடு இருப்பதில் அவளுக்கு ஒன்றும் இல்லை. தன் சொல்லுக்கு டெல்லியில் ஒரு பூண்டுத் தோல் மதிப்புகூட இல்லை என்பதுதான் சுருக்கென்றது. மதிப்பு இருக்கிறது என்று ஒன்றரை நாள் பாடுபட்டு வந்து சொன்னாரே.

அதோடு போயிருந்தால் சரி. போகவில்லை.

"ரெண்டு கோர்ட்டுக்காரனும் விவரமில்லாமத் தீர்ப்புச் சொல்லிட்டான்," என்றான் பொன்னுவேல், குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டே. "டெல்லிக்காரரு தீர விசாரிச்சிருக்காரு. திருமலைச்சாமி அந்தப் பிள்ளை கையைப் பிடிச்சது நெசந்தான். இல்லாட்டி எதுக்குக் கயித்தை எடுக்கப்போறாரு?"

வந்த உத்தரவு இரண்டே வரி. காரணம் என்று ஒரு சொல் அதில் கிடையாது. எவன் எதைச் செய்தான் என்று சொல்லுவது அந்த உத்தரவின் வேலையே இல்லை, கயிற்றை எடுத்தால் போதும் அதற்கு. ஆனால் பூண்டிக்காரர்களுக்கு அது எப்படிப் புரியும்? அவர்கள் பார்த்த மன்னிப்பெல்லாம் மந்தையில் பார்த்தது. அங்கே உண்மையைச் சொன்ன பிறகுதான் ஒருத்தனைத் தூக்குவார்கள். தூக்கிவிட்டார்கள் என்றால் சொன்னது உண்மை என்று அர்த்தம். அதையே டெல்லிக்கும் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் வழக்கத்தில் நியாயம் இருந்ததால்தான் அவர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரித் தப்பு செய்தார்கள். பாவிகள், யோசிக்காமல் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ஒரு மாதத்தில் திருமலைச்சாமி ஊர் வாயில் வேறு ஆளாகிவிட்டார். அவர் முன்னே ஒருநாள் பிச்சையம்மாளைப் பார்த்துச் சிரித்தது சிலருக்கு ஞாபகம் வந்தது. வாய்க்கால் ஓரம் ரொம்ப நேரம் நிற்பார் என்பது சிலருக்கு ஞாபகம் வந்தது. வாய்க்கால் ஓரம் நிற்காமல் தண்ணீர் பாய்ச்சுகிறவன் எவன் என்று கேட்க ஆள் இல்லை.

வேலுத்தாயின் மகள் அன்னக்கொடிக்கு மன்னவனூரில் வெற்றிலை மாற்றியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்தவன் பெண்டாட்டி கையைப் பிடித்தவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று தட்டைக் கொண்டுவந்தவள் சொன்னாள். சொல்லிவிட்டு, நான் சொல்லலை, அவுக சொல்லச் சொன்னாங்க என்றும் சொன்னாள். இரண்டு வருஷம் பார்த்துவிட்டு அன்னக்கொடியைக் கீழே கன்னிவாடியில் ஒரு புளி வியாபாரிக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தாள் வேலுத்தாய். கல்யாணத்தன்று பெண் அழவில்லை. மலையிறங்கும்போது மட்டும் ஒன்று கேட்டாள்.

"அப்பா நெசமா அப்படிச் செஞ்சாராம்மா?"

பெற்ற மகளே கேட்டுவிட்டாள். அந்த நாளிலிருந்து வேலுத்தாய்க்கு உலகத்தில் ஒரே ஒரு சோலிதான் மிச்சம். அந்த வரியை எழுதவைத்தவனே தன் வாயால் அடிக்க வேண்டும். அதைக் கேட்காமல் சாவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

பிச்சையம்மாள் வீடு நாற்பது அடி தள்ளித்தான். பன்னிரண்டு வருஷம் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சினார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பிச்சையம்மாளையும் ஊர் சும்மா விடவில்லை. அவள் தனியாக வயலுக்குப் போனால் இளவட்டங்கள் கனைத்தார்கள். பொங்கலுக்குக் கோயிலில் அவள் பானை வைக்க வந்தால் பக்கத்துப் பெண்கள் தங்கள் பானையை நகர்த்திக்கொண்டார்கள். வேலுத்தாய் அதைப் பார்த்தாள். இரக்கம் வரவில்லை. நன்றாகப் படட்டும் என்றுதான் இருந்தது.

1966 ஆவணியில் அழகுமலை விடுதலையாகி வந்தான். இப்போது லாரி ஊர் எல்லைவரைக்கும் வந்தது. தலை முழுக்க வெள்ளை, உடம்பு பாதியாகியிருந்தது. கூடவே உபதேசியார், கையில் ஊன்றுகோலோடு. வந்தவுடனே பெரியதனக்காரரைப் பார்த்து ஊரோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டான். சேராவிட்டால் வாய்க்கால் தண்ணீர் கிடையாது, கோயில் கிடையாது, செத்தால் தூக்க ஆள் கிடையாது.

"டெல்லியிலயே மன்னிச்சாச்சு. இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. நாளைக்கு வெள்ளனே மந்தையில விழுந்துரு," என்றார் நாச்சிமுத்து.

மறுநாள் விடியும்போதே அடுப்புகள் அணைந்துவிட்டன. மூடுபனி மந்தையில் இறங்கி நின்றது. ஊர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுற்றி உட்கார்ந்தது. அழகுமலை கோயிலைப் பார்த்துக் கும்பிடாமல், கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு ஈர மண்ணில் விழுந்தான். சிலர் முணுமுணுத்தார்கள். உபதேசியார் ஓர் ஓரமாக நின்றார்.

"செஞ்சதைச் சொல்லு," என்றார் நாச்சிமுத்து.

"திருமலைச்சாமி அண்ணனை மண்வெட்டியால அடிச்சேன். கொன்னுட்டேன். தப்புத்தான். சாமி என்னைய மன்னிச்சிட்டாரு, சர்க்கார் மன்னிச்சிருச்சு. மதினியும் மன்னிக்கணும்."

"தொட்டுத் தூக்கு தாயி."

வேலுத்தாய் முன்னால் வந்தாள். கை கம்பளிக்குள்ளேயே இருந்தது.

"இன்னொண்ணு கெடக்கு மாமா. அதையும் சொல்லட்டும்."

"அதான் சொல்லிட்டானே."

"எங்க வீட்டுக்காரரைப் பத்தி எழுதினதைச் சொல்லட்டும். நெசமா பொய்யா?"

அழகுமலை மண்ணில் முகத்தை வைத்தபடி பேசாமல் கிடந்தான். உபதேசியார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நாழிகை போனது. தூறல் போட்டது. பட்டினியும் குளிரும் சேர்ந்தால் ஊருக்கு நியாயம் மறந்துபோகும். கோபமெல்லாம் கீழே கிடந்தவனை விட்டுவிட்டு நின்றவள்மேல் திரும்பியது.

"என்ன வேலுத்தாயி, டெல்லிக்காரரே தூக்கிட்டாரு. அவருக்கு மேலயா நீ?" என்றான் பொன்னுவேல்.

"டெல்லிக்காரரு வீட்டுலயா எழவு விழுந்துச்சு? அவரு கயித்தை எடுத்தாரு. அது அவரு கயிறு, எடுக்கட்டும். என்னையத் தூக்கச் சொல்ல அவரு யாரு?"

"பிள்ளைக பசியில கெடக்கு."

"கெடக்கட்டும். எம்பிள்ளை பத்து வருசமாக் கெடக்குறா. உன் வாயாலதான் கெடக்குறா."

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். அவருக்கும் பசிதான். "ஏலே அழகுமலை, அவ கேக்குறதுக்கு ஒரு பதிலைச் சொல்லிரு. அந்தப் பேச்சு நெசந்தானே?"

கீழே கிடந்தவன் தலையைக் கொஞ்சம் தூக்கினான். பன்னிரண்டு வருஷம் ஜெயில் சுவரைப் பார்த்த கண்ணில் பயம் அப்படியே இருந்தது.

"காகிதத்துல எழுதினதுதான் மாமா. அண்ணன் எம்பொண்டாட்டி கையைப் பிடிச்சாரு."

கோர்ட்டில் ஒருமுறை, மனுவில் ஒருமுறை, இப்போது மந்தையில். விழுந்து கிடந்து பொய் சொன்னவன் பூண்டியில் இதுவரைக்கும் கிடையாது. அவனை மிதித்துவிடுவோமோ என்று வேலுத்தாய்க்கே பயம் வந்தது.

அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து பிச்சையம்மாள் எழுந்து வந்தாள். நேராகப் புருஷன் தலைமாட்டில் வந்து நின்றாள்.

"இன்னமும் எதுக்குய்யா?" என்றாள்.

அவன் முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டான்.

"கழுத்துக்காகச் சொல்லச் சொன்னீரு, சொன்னேன். அத்தனை பேர் முன்னாடி கூண்டுல ஏறி என் மானத்தை நானே இறக்கி வச்சேன். உமக்குச் சமைச்சுப் போட்டவ, உம்ம உசிரு பெருசுன்னு வச்சேன். இன்னிக்குக் கழுத்து கெட்டியா இருக்கு. வந்து இறங்கின மறுநாளே மறுபடியும் என்னைய எடுத்து ஊருக்கு முன்னால போடுறீரே."

பிறகு ஊர்ப் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"அந்த மனுசன் எங்க வாசலுக்கு ஒருநாளும் வந்ததில்ல. என்னைய நிமிர்ந்து பார்த்ததில்ல. வாய்க்கால்ல எதிர்ப்பட்டா ஒதுங்கி நின்னு வழிவிடுவாரு. நான் சொன்னது பொய். இந்த ஆளு சொன்னதும் பொய். பானையை நகர்த்துனீகளே, எல்லாரும் கேட்டுக்கோங்க."

வேலுத்தாய் உபதேசியாரைப் பார்த்தாள். அந்தக் கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார். பன்னிரண்டு வருஷம் பொத்தி வைத்திருந்த தலையாட்டு. அதை அன்றைக்கே ஆட்டியிருந்தால் அன்னக்கொடி மன்னவனூரில் இருந்திருப்பாள்.

"அவ சொல்லிட்டா. நீ சொல்லு," என்றாள் வேலுத்தாய், அழகுமலையிடம்.

"அந்த வரிக்குத்தானே மதினி என்னைய விட்டாங்க," என்றான் அவன். குரல் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. "பொய்யின்னு சொன்னா விட்டதைத் திருப்பி எடுத்துக்குவாங்க. மறுபடி கயித்துல போட்டுருவாங்க."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இவனும் பூண்டிக்காரன்தானே. உண்மைக்குத்தான் மன்னிப்பு என்று ஊர் நம்பியதையே இவனும் நம்பியிருக்கிறான். டெல்லி தூக்கிவிட்டது அந்த வரியைப் பிடித்துத்தான், வரியை விட்டால் மறுபடி விழ வேண்டியதுதான் என்று பன்னிரண்டு வருஷமாக அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

"கொடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டாங்க அழகுமலை. நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்," என்றார் உபதேசியார்.

"எனக்குப் பயமா இருக்குய்யா."

"பயத்தோடவே சொல்லு," என்றாள் வேலுத்தாய். "இவ பயமில்லாமலா சொன்னா?"

அவன் அழுதான். அழுது முடிக்கட்டும் என்று அவள் நின்றாள். தூறல் வலுத்தது.

"பொய்தான்," என்றான்.

"சத்தமா."

"பொய். அண்ணன் ஒண்ணும் செய்யல. தண்ணிக்காக அடிச்சேன். குனிஞ்சிருந்தாரு, அடிச்சேன். உசிருக்குப் பயந்து பேரைக் கெடுத்தேன்."

மந்தையின் கடைசியில் இருந்தவர்களுக்கும் கேட்டது. பொன்னுவேல் கம்பளியைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டான். நாச்சிமுத்து மெதுவாக, "தூக்கு தாயி," என்றார். அந்தக் குரலில் பசி இல்லை.

வேலுத்தாய் கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்தாள். குனிந்து அவன் தோளைத் தொட்டாள். எலும்பாக இருந்தது. அருவருப்பை விழுங்கிக்கொண்டு பிடித்து நிமிர்த்தினாள். அவன் கையை ஊன்றி, முழங்காலை மடித்து எழுந்தான். முட்டிபோட்ட நிலைக்கு வந்ததும் அவள் கையை எடுத்துவிட்டாள். அவன் அவள் கையைத் தேடி அண்ணாந்து பார்த்தான். அவள் பின்னால் நகர்ந்து நின்றாள்.

"முழுசாத் தூக்கிரும்மா," என்றார் உபதேசியார்.

"பேரைக் கெடுத்தது எனக்கும் எம்பிள்ளைக்கும் செஞ்சது. அதுக்குத் தூக்கிட்டேன். கொன்னது அவருக்குச் செஞ்சது. அதுக்கு அவரு வந்து தூக்கட்டும்."

"அவரு எப்படித் தாயி வருவாரு?"

"அது உங்க மூணு பேரு சோலி. அன்னிக்கே கூடிப் பேசினீங்கள்ல. அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும். உங்க கோயில்ல முட்டிபோட்டுத்தானே கும்பிடுவீங்க, அவனுக்கும் பழகியிருக்கும்."

அவள் திரும்பி நடந்தாள். பிச்சையம்மாளைத் தாண்டும்போது அவள், "அக்கா," என்றாள். வேலுத்தாய் நின்றாள். மன்னித்தேன் என்று வாயில் வரவில்லை, வரவழைக்கவும் அவள் முயலவில்லை. "நாளைக்குத் தண்ணி முறை உனக்கு. மடையை நான் திறந்துவிடுறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மந்தையில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பாதி தூக்கினால் எழுந்து போகலாமா, உட்கார வேண்டுமா, வழக்கத்தில் அதற்கு வழி இல்லை. எல்லாரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து, அடுப்புப் புகை எழுகிறதா என்று வேலுத்தாய் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் அவள் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கோபம் தீரவில்லை. கொஞ்சமும் தீரவில்லை. அன்றைக்கு வாய்க்கால் கரையில் புருஷன் மண்டையைத் தாங்கிப் பிடித்த கையில் அந்த ரத்தச் சூடு இன்னமும் இருந்தது. ஆனால் அவருடைய பேர் வீட்டுக்குத் திரும்பியிருந்தது. அடுப்பு பற்றியதும் உலையை ஏற்றிவிட்டு வெளியே வந்து, குதிரை கட்டியிருந்த பக்கம் பார்த்துப் பொன்னுவேலைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

"இன்னிக்கே கன்னிவாடிக்கு இறங்கு. அன்னக்கொடியைப் பாரு. மலையிறங்கும்போது ஒண்ணு கேட்டியே, உங்கப்பா அப்படிச் செய்யலைன்னு உங்கம்மா சொல்லச் சொன்னாள்னு சொல்லு."

"வேற ஒண்ணும் சொல்ல வேணாமா?"

"நீ பேசினதையும் நீயே சொல்லிக்கோ," என்றாள். "விழுந்து சொல்லு. தூக்குறதும் தூக்காததும் அவ பாடு."